பள்ளம் யாருடையது?

எங்கள் தெருவில் ஒரு பள்ளம் இருந்தது. சென்னைப் பட்டணத்துத் தெருவில் பள்ளம் இருப்பதும் ஒரு சமாசாரமா, திருப்பதியில் மொட்டைத் தலையைக் கண்டேன் என்று ஒருவன் பத்திரிகையில் எழுதுவானா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பள்ளத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. ஓர் ஆட்டோவும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் இரண்டில் ஒன்று மரியாதையாகப் பின்வாங்க வேண்டிய அகலமுள்ள ஒரு சந்தில், 2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அது ஜனித்தது. நீளம் நாலடி, அகலம் மூன்றடி, ஆழம் என் இடுப்பு மட்டும்.

பிறந்த அன்று அதற்குச் சகல மரியாதைகளும் நடந்தன. சுற்றிலும் இரும்புத் தடுப்புகள் வைத்தார்கள். சிவப்புத் துணி கட்டினார்கள். காவலுக்கு ஓர் ஆளும் இருந்தார். மூன்றாம் நாள் காவலாளைக் காணோம். ஒரு வாரத்துக்கெல்லாம் தடுப்புகளும் வேறு ஏதோ தெருவுக்கு அவசர ஜோலியாகப் போய்விட்டன. சிவப்புத் துணியைக் காற்று கொண்டு போயிற்று. பிறகு எதிர் வீட்டு அம்மாள் தம் கொல்லையிலிருந்து ஒரு முருங்கைக் கிளையை வெட்டிக் கொண்டு வந்து, போகிறவர் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக அதில் நட்டு வைத்தார். முருங்கைக்குத் தான் நிற்கும் இடம் இன்னதென்று தெரியவில்லை. அடியில் ஏதோ குழாய் கசிந்து கொண்டிருந்ததால் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. புரட்டாசியில் அது துளிர்க்க ஆரம்பித்துவிட்டது! தை மாதத்துக்குள் காய் பறிக்கலாம் என்று தெருப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டுச் சிரித்தேன்.

நவராத்திரியில் ஒரு நாள் மாலையோடு அந்தச் சிரிப்பு நின்றது. எங்கள் தெருக் கோடியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. அடுத்த தெருவில் கொலுப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுண்டல் பொட்டலத்துடன் திரும்பி வந்தார். தெரு விளக்கு இரண்டு நாளாக எரியவில்லை. குழந்தையை இழுத்து அப்பால் தள்ளிவிட்டுத் தாம் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து போயிற்று. நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை அது.

மூன்று வாசல்கள்

மறு நாள் காலையில் நான் கிளம்பினேன். பள்ளத்துக்கு உடையவர் யார் என்று கண்டுபிடித்து நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டு வருவது என்று தீர்மானம். மூன்று காரியாலயங்களின் வாசலை மிதித்தேன். அவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டுக்கும் மனஸ்தாபம் ஏற்படும்.

முதல் வாசலில் இருந்தவர் என்னை உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, "தோண்டினது நாங்கள் இல்லை, ஸார்" என்றார்.

இரண்டாவது வாசலில், "தோண்டியது நாங்கள்தான், ஆனால் மூட வேண்டியது அவர்கள். அதற்கு உண்டான பணத்தைக் கட்டியாகிவிட்டது" என்றார்கள்.

மூன்றாவது வாசலில், "மூடுவதற்கு நாங்கள் தயார். ஆனால் உள்ளே குழாய் கசிகிறதே? கசிவை நிறுத்தாமல் மூடினால் ரோடு உள்வாங்கிவிடுமே? முதலில் அவர்களை வந்து அடைக்கச் சொல்லுங்கள்" என்றார்கள். 'அவர்கள்' என்பது முதல் வாசல்காரர்கள்.

மூவர் சொன்னதிலும் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. கடுமையாக ஒரு வார்த்தை பேசியவரும் இல்லை. இரண்டு இடங்களில் காப்பி கூடக் கொடுத்தார்கள். மூன்று பேரும் நியாயஸ்தர்கள். பள்ளம் மாத்திரம் அப்படியே இருந்தது!

நான் வீடு திரும்பிக் களைத்து உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் கேட்டார்: "ஏன் ஐயா, நம்ம கௌன்ஸிலரைப் போய்ப் பார்த்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வார்டு அங்கத்தினரின் பெயர் எனக்குத் தெரியாது! தில்லியிலே மந்திரி சபையில் யாருக்கு எந்த இலாகா என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி அரை மணி நேரம் அபிப்பிராயம் சொல்லுவேன். என் வாசல் விளக்குக்கும் சாக்கடைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று மட்டும் தெரியாது.

"வோட்டுப் போட்டீங்கதானே?" என்று அந்த அம்மாள் அடுத்த கேள்வியைப் போட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி, சனிக்கிழமை, சென்னையில் நகர சபைத் தேர்தல் நடந்தது. சாவடியில் கூட்டம் குறையட்டும், பிறகு போகலாம் என்று காலையிலிருந்து நான் வீட்டில் காத்திருந்தேன். கூட்டமே வரவில்லை; ஆகையால் நானும் போகவில்லை! என்னைப் போல் காத்திருந்த புத்திசாலிகள் பட்டணத்தில் ஏராளம் போலிருக்கிறது. அன்று சென்னையில் நூற்றுக்கு 44 பேர் கூட வோட்டளிக்கவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் காலை ஏழு மணிக்கே போய், விரலில் மையுடன் வேலைக்கு வந்தார். அதை அன்றே பார்த்தேன். இப்போதுதான் அது என் மனத்தில் பட்டது.

ரிப்பன் பிரபுவின் பெயர்

நம் நகர சபை இருக்கும் வெள்ளை மாளிகைக்கு ரிப்பன் கட்டடம் என்று பெயர். 1913-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. புகார் சொல்வதற்காக ஜனங்களுக்குக் கொடுத்திருக்கும் டெலிபோன் எண்ணும் 1913 என்றே அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. இந்த ரிப்பன் பிரபு யார் என்பதை நம்மில் அநேகர் மறந்திருப்போம். 1880 முதல் 1884 வரையில் ராஜப் பிரதிநிதியாக இருந்தவர். 1882-ல் ஸ்தல சுயாட்சியைப் பற்றி அவருடைய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டது. ஊர்க் காரியங்களை ஊரார் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளே பார்க்கட்டும். ஆரம்பத்தில் நிர்வாகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. ஜனங்கள் அரசியலில் பயிற்சி பெற அதுவே பள்ளிக்கூடம் என்பது அதன் சாராம்சம்.

சென்னைக் கார்ப்பொரேஷனோ அதற்கும் வெகு காலத்துக்கு முந்தியது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் 1687-ல் அளித்த சாஸனத்தின் பேரில் 1688-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ஆம் தேதி ஏற்பட்டது. இந்தியாவிலேயே மூத்த நகர சபை இது என்று பெருமை பேசிக்கொள்கிறோம். பாட்டனார் வயதைச் சொல்லிப் பெருமைப்படும் பேரன், பாட்டனாரை ஒரு நாளும் எட்டிப் பார்க்காமலிருந்தால் என்ன பிரயோசனம்?

ஏழு கிணற்றிலிருந்து பூண்டி வரை

நகர சபை என்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. தண்ணீர்க் கதையையே எடுத்துக்கொள்வோம்.

கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் இல்லாமல், 1772-ல் வடக்கே கிணறுகள் வெட்டினார்கள். ஏழு கிணறு என்று அந்தப் பேட்டைக்கே பெயர் நிலைத்துவிட்டது. நூறு வருஷம் கழித்து, 1872-ல், செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. வெட்ட வெளியில் வந்த அந்த நீரைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்புவதற்கு 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது. ஜனத்தொகையோ நாளுக்கு நாள் பெருகி வந்தது. மழை பொய்த்தால் ஏரி வறண்டது. ஏரி வறண்டால் குழாய் வறண்டது.

1939-ல் தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். அந்தக் காலத்தில் மேயர் பதவிக்கு ஆயுள் ஒரே ஒரு வருஷம். அதே வருஷத்தில் உலக யுத்தமும் ஆரம்பமாயிற்று. 'யுத்த காலம், பணம் இல்லை, சாமான் இல்லை' என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தால் அவரை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டி நீரைத் தேக்கவேண்டும் என்று விடாப்பிடியாக நின்று, கவர்னர் சர்க்காரைச் சம்மதிக்கச் செய்தார். 1940-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1944-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1943-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கண்ணை மூடிவிட்டார்.

பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டார்கள். 3,231 மில்லியன் கன அடி நீர் கொள்ளக் கூடியது. கிருஷ்ணா நதி நீர் 1996-ல் தமிழ் நாட்டுக்கு வந்தபோதும் பூண்டியில்தான் வந்து தங்கிற்று. காலையில் குழாயைத் திறக்கும்போது நாம் எத்தனை பேர் அந்த ஒரு வருஷத்து மேயரை நினைத்துக்கொள்கிறோம்?

பூட்டிய பெட்டி

இனி வருவது வருத்தமான அத்தியாயம்.

1973-ல் சென்னைக் கார்ப்பொரேஷன் கௌன்ஸில் கலைக்கப்பட்டது. ஊழல் புகார்கள் கிளம்பியிருந்தன. வீட்டில் எலி இருந்தால் எலியைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டு வீட்டைத் திறந்துவிட வேண்டும். இங்கே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல்! நடுவில் 23 வருஷம். ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, மாலையும் கழுத்துமாக மணையில் உட்காரும் வரையில், மாநகரத்துக்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையே கிடையாது. கட்சிகள் மாறின, மந்திரி சபைகள் மாறின, பூட்டு மட்டும் மாறவில்லை. அந்நிய ஆட்சி கொடுத்துவிட்டுப் போன ஒரு சுதந்திரத்தை, சுதந்திர நாட்டில் நம்மவர்களே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதற்காக எந்தத் தெருவிலும் கறுப்புக் கொடி பறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. இதுதான் இன்னும் வெட்கக்கேடு.

அந்தக் கால இடைவெளியில்தான், 1978-ல், குடிதண்ணீரும் சாக்கடையும் கார்ப்பொரேஷன் கையிலிருந்து ஒரு தனி வாரியத்துக்குப் போயின. அதற்கு எஞ்சினீயர்கள் சொல்லும் காரணங்கள் இருக்கலாம். பெருநகரம் விரிந்து கொண்டிருந்தது. ஆனால் பலன் என்ன? ஏரி ஓர் இலாகா. ஏரியிலிருந்து வரும் தண்ணீர் ஒரு வாரியம். மழை நீர் வடிகால் கார்ப்பொரேஷன். மின்சாரக் கம்பி வேறொருவர். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலை இலாகா. எல்லாரும் தோண்டுகிறவர்கள், பூமி ஒன்றுதான்!

பூட்டுப் போடும் வழக்கம் இனிமேல் ஆகாது என்றுதான் 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சொல்லிற்று. நகர சபையின் ஆயுள் ஐந்து வருஷம். அது முடியுமுன் அடுத்த தேர்தல். நடுவில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். ஷரத்து வெகு தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தும் 2016-ல் கௌன்ஸிலின் காலம் முடிந்த பிறகு, வழக்கு, வார்டு எல்லை, தொற்று நோய் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து, 2022 வரையில் சபை இல்லாமலே கழிந்தது.

அந்த ஐந்தரை வருஷத்துக்குள் என்ன நடந்தது என்று நேயர்களுக்கு நினைவிருக்கும். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, அடி மண் வெடித்துக் கிடந்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலேறி வந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, லாரிக்காக விழித்திருந்து, காலையில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருவார். லாரி ஏன் வரவில்லை என்று கேட்க அவருக்கு ஒரு மேஜை இல்லை. அவருடைய வார்டுக்கு ஓர் அங்கத்தினர் இல்லை. 2022-ல் அவர் காலை ஏழு மணிக்கே வோட்டுச் சாவடிக்குப் போனதன் காரணம் இதுதான். எனக்கு அப்போது புரியவில்லை.

கௌன்ஸில் இருந்தால் சகல துன்பமும் தீர்ந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. 2015 டிசம்பரில் பெரு வெள்ளம் வந்தபோது கௌன்ஸில் இருக்கத்தான் செய்தது. ஆனால் தேர்ந்தெடுத்த அங்கத்தினரை வழிமறித்து, "ஏனய்யா இப்படி?" என்று கேட்கலாம். அவர் மறுபடி வோட்டுக்கு வந்தாக வேண்டும். சென்னையில் 2011 முதல் 426 சதுர கிலோ மீட்டர் விஸ்தீரணத்துக்கு 200 வார்டுகள். அந்த வருஷத்து ஜனக் கணக்கின்படி சுமார் 67 லட்சம் பேர். வார்டுக்குச் சராசரி முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம். கேள்வி கேட்க முடியாத தூரமா இது?

முருங்கைக்கு மோட்சம்

தலைமை ஆசிரியர் கையில் கட்டுடன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் பேத்தி மனுவை எழுதினாள். "தம்பி, மனுவில் கோபம் வேண்டாம், தேதி வேண்டும்" என்று ஆசிரியர் என்னிடம் கூறினார். தோண்டிய தேதி, தடுப்பு மறைந்த தேதி, விளக்கு அணைந்த தேதி, தாம் விழுந்த தேதி, நான் மூன்று வாசல்களையும் மிதித்த தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. தெருவில் இருபத்து மூன்று வீட்டார் கையெழுத்திட்டார்கள். ஆசிரியர் இடது கையால் கையெழுத்திட்டார். முதல் வகுப்புப் பையனுடைய எழுத்தைப் போல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேர் வார்டு அங்கத்தினரைப் பார்க்கப் போனோம். முன்னால் நடந்தவர் பாத்திரம் தேய்க்கும் அம்மாள். அங்கத்தினர் மந்திரம் ஒன்றும் போடவில்லை. அதற்கு அடுத்த வாரத்தில் மூன்று வாசல்காரர்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பள்ளத்தின் கரையில் கொண்டு வந்து நிறுத்தினார். அவ்வளவுதான். காகிதத்தில் மூன்று மாதம் ஓடியிருந்த வழக்கு கரையில் நின்றபோது பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. ஒருவர் கசிவை அடைப்பது, மற்றவர் ஜல்லி போடுவது, இன்னொருவர் மேலே பூசுவது என்று தீர்மானமாயிற்று. திருக்கார்த்திகைக்கு நாலு நாள் முன்னால் பள்ளம் மூடப்பட்டது. விளக்கும் எரிந்தது. முருங்கையைப் பிள்ளைகள் வேரோடு பெயர்த்து ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் நட்டார்கள்.

இதற்குள் சபாஷ் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிசம்பர் 3-ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயலின் மழை ஆரம்பித்தது. மறு நாள் முழுதும் விடவில்லை. மின்சாரம் இல்லை. எங்கள் சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, கறுப்புத் தண்ணீர், ரோடு எது, சாக்கடை எது என்று தெரியாத தண்ணீர். அன்று மாலை எதிர் வீட்டு அம்மாளின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டது. நாலு பேர் ஒரு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, இருட்டில், டார்ச் விளக்கின் வெளிச்சத்தில், தெரு முனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பள்ளம் இருந்த இடத்தை நாங்கள் தாண்டியபோது எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பேர் மனத்திலும் இருந்தது ஒன்றுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

தாயும் சேயும் சௌக்கியம். பெண் குழந்தை.

வார்டு தோறும் கமிட்டி, அதற்கு உட்பட்ட பகுதிகளுக்குச் சபை என்று 2022-ல் தமிழ் நாட்டில் விதிகள் ஏற்பட்டன. அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நேயர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பள்ளம் இருக்கும். அது யாருடையது என்று கேட்டுக்கொண்டு வாசல் வாசலாக அலைய வேண்டாம். அது நம்முடையது. நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெயரை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஆசிரியரின் மணிக்கட்டு கூடிவிட்டது. எழுத்து மட்டும் பழையபடி இல்லை. முருங்கை நன்றாகப் பிடித்துக்கொண்டது. போன வாரம் எங்கள் வீட்டுக்கும் ஆறு காய் வந்தது. அவற்றைக் கொண்டு வந்து வைத்த பாத்திரம் தேய்க்கும் அம்மாள், "அடுத்த கார்ப்பொரேஷன் வோட்டு அன்னிக்கு விடியற்காலையிலேயே வந்து கதவைத் தட்டுவேன், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

தட்டட்டும்.